அம்மா பாடும்போது ஹெட்போனைக் கழற்றி வை

சேலத்தில் நாடகக் கம்பெனியின் வயர்களுக்கு நடுவே குடித்தனம் நடத்தும் என் மகனுக்கு, மலையிலிருந்து உன் அப்பன் எழுதுவது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோழிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கமாக ஒண்டி நிற்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. என் காகிதங்களைக் கூட்டாளிகளுக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பாயாமே, இதை மட்டும் தனியாக உட்கார்ந்து படி. இதிலும் கேலி வரும். அது என் கை பழகின பழக்கம். மனசு கேலியில் இல்லை, கண்ணு.

உன் காகிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் கல்யாணத்துக்குக் கம்பெனி முதலாளி புது மைக்செட்டே கொடுத்தனுப்புகிறார், மூன்று மைக், நாலு குழாய் ஸ்பீக்கர், அம்மா பாடும்போது நானே ஹெட்போனைக் காதில் மாட்டி எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்வேன், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உருமால் கட்டின மாப்பிள்ளைத் தலையில் அதை எங்கே மாட்டுவாய் என்று சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, "பாடறேன்னு எழுதுங்க. ஆனா உங்க கை மட்டும் அந்த மைக்செட்டுப் பெட்டியில படக் கூடாதுங்க" என்றாள். பத்து வருஷமாகப் பாடாதவள் பாடுகிறேன் என்கிறாள். எனக்கு ஆனந்தத்தில் கூத்தாட வேண்டும் போல் இருந்தது. அடுத்த நொடியே பயமும் வந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஏனென்று உனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்கிறேன். கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் உன் அம்மாவின் கழுத்துக் கழலையை அறுக்கிறார்கள். குரல் முன்போல வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதே அவள் குரல் பாதிதான் இருக்கிறது, அடுப்புப் புகை ஏறின துணி மாதிரி. நம் பக்கத்து வழக்கமோ ஒரு பிள்ளைக்கு ஒரு பாட்டு. பெண் பிள்ளை என்றால் வழியனுப்பும்போது, ஆண் பிள்ளை என்றால் மருமகளோடு வாசலில் வந்து நிற்கும்போது, பெற்றவள் தானே கட்டின பாட்டைப் பாடுவாள். ஒரு தடவைதான். கேட்கவில்லை, இன்னொரு தரம் பாடு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. ஆகவே உன் பாட்டு வைகாசியில் ஒரு கால் மணி நேரம் இந்த உலகத்தில் இருக்கும், அவ்வளவுதான். அது வாசலில் நிற்கிற எல்லார் காதிலும் விழ வேண்டும். இதைத் தவிர உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. அது விழாமல் போகப் போகிறது என்றுதான் பயப்படுகிறேன். நீ திறமையில்லாதவன் என்பதால் அல்ல. அந்த ஹெட்போனை நம்புவதற்கு உனக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான் என்பதால்.

என் பழைய ஹெட்போன் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். சேலத்தில் பழைய இரும்புக் கடையில் பட்டாளத்துச் சாமான்களோடு கிடந்தது. மைக்செட்டும் பேட்டரியும் சேந்தமங்கலத்திலிருந்து தலைச்சுமையாக மலையேறி வந்த காலம். பேட்டரித் தண்ணீர் தளும்பி என் வேட்டிகளெல்லாம் சல்லடை ஆகியிருந்தன. குழாய்களை உச்சிமரத்தில் அடுத்த மலையைப் பார்த்துக் கட்டுவோம், நாலு ஊருக்குக் கேட்டால்தானே பெருமை. குழாய்க்குப் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிற எனக்குச் சரியாக ஒன்றும் கேட்காது. அதற்குத்தான் அதை வாங்கி, சேலத்து ரிப்பேர்காரரிடம் பெட்டியோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். முதல்முதலில் மாட்டிக்கொண்டபோது சொர்க்கத்தின் கதவு என் இரண்டு காதிலும் திறந்தாற்போல இருந்தது. நாயனக்காரர் மூச்சிழுப்பது கேட்டது. பாடுகிறவர் எச்சில் விழுங்குவது கேட்டது. ஊரில் யாருக்கும் கேட்காதது எனக்குக் கேட்டது. அந்தத் திமிர்தான், சாமி, எல்லாவற்றுக்கும் வேர்.

முதல் குட்டு சோளக்காட்டு நோம்பித் திருவிழாவிலேயே விழுந்தது. அதை மாட்டிக்கொண்டால் நம் குரல் நமக்குக் கேட்காது, ஆகவே கத்துவோம். கத்துகிறோம் என்பதும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் ரகசியம் சொல்வதாக நினைத்து, "இந்த மனுசன் பாடறது சினை ஆடு கத்தறாப்புல இருக்குதுங்க" என்றேன். மைக் மூன்று முழத்தில் இருந்தது. நாலு மலைக்கும் கேட்டது. பாடினவர் பாட்டை நிறுத்திவிட்டு, "ஆடு இறங்கிருச்சுங்க, மேய்க்கறவரு வந்து பாடட்டும்" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் ஊருக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் ஊரோடு இல்லை. என் தலைக்குள் ஒரு தனிக் கச்சேரி நடக்கிறது, வெளியே வேறொன்று நடக்கிறது. புரியவில்லை. அந்தக் கதையைப் பத்து இடத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பதில்தான் எனக்குக் கவனம்.

இப்போது உன் அக்கா கல்யாணத்துக்கு வருகிறேன். உனக்கு நான் நேர்மையாகச் சொல்லாதது இதுதான். உன் அத்தை, என் அக்கா, அன்றைக்குச் சாப்பிடாமல் போனது பந்தியில் மரியாதைக் குறைவு நடந்ததால் என்றுதானே உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். உன் அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவுக்கு மலைக்காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பிள்ளை இல்லாத அத்தைதான் குழந்தையை எடுத்துக்கொண்டு போய் இரண்டு வருஷம் வளர்த்தாள். திரும்பக் கூட்டிவந்த அன்று குழந்தை அத்தையின் சேலையை விடவில்லை. உன் அம்மா வேதனை தாங்காமல், "எம் புள்ளைக்கே என்னை மறக்கடிச்சுட்டீங்களே" என்றாள். அந்த ஒரு சொல்லோடு இரண்டு வீடும் பேச்சை நிறுத்திக்கொண்டன. உன் அம்மாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் மன்னிப்புக் கேட்டால் போதாது, ஊர் முன்னால் கேட்க வேண்டும் என்று மகளின் பாட்டுக்காகக் காத்திருந்தாள். பாட்டில் யாரைச் சொல்லிப் பாடுகிறார்களோ அவர் எழுந்து வந்து பெண்ணின் தலையில் கை வைப்பது நம் வழக்கம். அத்தைக்கு அந்த இடம் வைத்திருந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் பயந்துகொண்டு இடுப்பில் சேலையைச் செருகிச் செருகி எடுத்தாள். சிரிக்க வைக்கலாமே என்று, "ஏ புள்ள, ஏடாகூடமா எதாச்சும் பாடினீன்னா பம்பையை ஏத்தி உன் சத்தத்தை அமுக்கிப் போடுவேன், பாத்துக்க" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவளும் அப்போது சிரிக்கத்தான் செய்தாள்.

பெண் வாசற்படி தாண்டிப் போகும் வரை பம்பை மேளம் நிற்கக் கூடாது என்பது வழக்கம். ஆகவே பம்பைக்கு ஒரு மைக், அம்மாவுக்கு ஒரு மைக், சத்தத்தை ஏற்றி இறக்குகிற இரண்டு திருகும் என் கையில். காதில் மாட்டிக்கொண்டேன். அம்மாவின் குரல் அப்படியே நெஞ்சுக்குள் இறங்கியது. ஆனால் அந்தப் பட்டாளத்துக் காதுமூடியில் பம்பையின் ஆழமான 'திம்' வரவே வராது, மேலே தட்டுகிற 'டக்' மட்டும்தான் வரும். எனக்குப் பம்பை இளைத்துப்போனாற்போலக் கேட்டது. பக்கத்தில் நின்று நான்கு பேர் அடிக்கிற பம்பைக்கு மைக்கே வேண்டியதில்லை, அது தானாகவே வாசல் முழுக்க இடிக்கிறது என்பது மூடின காதுக்கு எப்படித் தெரியும்? ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் காது அதற்கும் பழகிவிட்டது, மறுபடி ஏற்றினேன். எனக்கு உள்ளே பாட்டு மேலேயும் பம்பை கீழேயும் அழகாக ஜோடி போட்டு நடந்தன. வெளியே பம்பை இரண்டு மடங்காகி, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்து மூன்று மடங்காகி, உன் அம்மாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"பெத்தவ நானம்மா, பேரு வெச்சவ நானம்மா, வளத்தவ அங்க உக்காந்திருக்கா, முதல்ல அவ காலத் தொடு" என்று அத்தையைப் பார்த்துப் பாடினாள். அத்தை எழவில்லை. இரண்டாம் தரம் அதே அடியைப் பாடினாள். எழவில்லை. மூன்றாம் தரமும் பாடினாள், அப்போது குரல் உடைந்தது. நானோ கண்ணை மூடிக்கொண்டு, அடடா, ஒரே அடியை எப்படித் திருப்பித் திருப்பிப் போட்டுச் சங்கதி பண்ணுகிறாள் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து ஒரே ஒரு முகத்தைப் பார்த்திருந்தால் போதும். காதில் எல்லாம் சரியாக இருக்கும்போது கண்ணைத் திறக்கத் தோன்றாது, கண்ணு. இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பெண் படி தாண்டியதும் பம்பை நின்றது. காதுமூடியைக் கழற்றிவிட்டுப் பெருமையாக நடந்து வந்தேன். அத்தை என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா தம்பி, உம் பொண்டாட்டி எப்படா பாடுவா? பொண்ணு போயிருச்சே" என்று கேட்டாள். என்னைக் கேலி செய்கிறாள், அக்காவுக்கு மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். நானும் விடாமல், "அவ பாட்டை உனக்கு மட்டும் கேக்காம பாடிப்போட்டா, அக்கா" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்தாள், போனாள். இலையில் சோறு போட்டபடி இருந்தது.

பம்பைக்காரர்தான் சாப்பிட உட்கார்ந்தபோது, "அம்மா வாய்தானுங்க ஆடுச்சு, ஒண்ணும் வெளங்கல" என்றார். அப்படியே உன் அம்மாவிடம் ஓடினேன். அவள் காலையில் நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள்: "அமுக்கிப் போடுவேன்னீங்க, அமுக்கிப் போட்டீங்க." குலசாமி மேல் சத்தியம் செய்தேன். இத்தனை வருஷமும் எதற்கெல்லாமோ விளையாட்டாகச் சத்தியம் செய்தவன் நான், அந்தச் சத்தியத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? அக்கா வீட்டுக்கு ஓடினேன். "உன்னைச் சொல்லித்தான் மூணு தரம் பாடினா அக்கா, நான் கேட்டேன்" என்றேன். "ஊருக்கே கேக்காதது உனக்கு மட்டும் கேட்டுச்சாக்கும். போடா, உன் வெளையாட்டை வேற எங்கயாச்சும் வெச்சுக்க" என்று படலைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் உன் அம்மாவே போனாள். "ஊரு முன்னால சொல்லாத சொல்லு ஊட்டுக்குள்ள எதுக்கு?" என்று அத்தை முகம் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் ராகி அறுப்பின்போது அத்தை கண்ணை மூடிவிட்டாள். உன் அம்மா களை எடுக்கும்போதுகூட வாய் திறந்து பாடுவதை விட்டுவிட்டாள். அந்தப் பாட்டை உலகத்திலேயே முழுசாகக் கேட்ட ஒரே ஆள் நான். எனக்கு மட்டும் கேட்டு என்ன பிரயோசனம், சொல்லு. எனக்காகவா பாடினாள்?

உன் கம்பெனி ஹெட்போன் புதுசு, என்னுடையதைப் போல் ஓட்டையில்லை என்பாய். அதில் 'திம்'மும் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குள்ளே காற்று இல்லை, எதிர் மலை இல்லை, அழுகிற குழந்தை இல்லை, பந்திக்கு இலை போடுகிறவர்களின் சச்சரவு இல்லை. மைக்குக்கு அகப்பட்டதை மட்டும்தான் அது உனக்குக் கொடுக்கும். நாடகக் கொட்டகையில் உன் பக்கமே எல்லாரும் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள், தட்டி மறைப்பு இருக்கிறது, அங்கே சரியாக வரலாம். இந்த வாசலில் வராது. நீ ஒரு கையில் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் திருகைத் திருகிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா உன் முகத்தைப் பார்த்துப் பாடுவாள். நீ அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன், கேள். மூன்று மைக் வேண்டாம், அம்மாவுக்கு ஒன்று போதும். குழாயை மரத்தில் ஏற்றாதே. வாசல் ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டி, ஜனங்களைப் பார்த்துத் திருப்பு. அடுத்த மலைக்கு நம் வீட்டுப் பாட்டு எதற்கு, தேவையானவர்கள் வாசலுக்கு வருவார்கள். பம்பை அதிகமாகக் கேட்டால் திருகைத் தொடாதே, பம்பைக்காரர்களை நகர்த்து. அவர்களிடம் நானே போய்ப் பேசிவிட்டேன். கீழே சாமைக் காட்டுக் கல்சுவருக்கு அப்பால் நின்று அடிக்கச் சொன்னேன். "ஏனுங்க, எங்களை மட்டும் கீழ எறக்கி விட்டுட்டு விருந்தை மேல வெச்சுக்குவீங்களா?" என்று மூத்தவர் மடக்கினார். விருந்தும் சுவர் தாண்டி வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் சாயங்காலமே உன் கூட்டாளியை மைக்கில் பேசச் சொல்லிவிட்டு, நீ பலாமரத்தடியில் பொம்பளைகள் நிற்கிற கடைசி இடம் வரை நடந்து போய் வெறுங்காதோடு கேள். அங்கே கேட்கிறதுதான் பாட்டு. பெட்டிக்குப் பக்கத்தில் கேட்கிறது நம் ஆசை.

ஆனால் கல்யாணத்தன்று நீ நடக்க முடியாது. அன்றைக்கு அந்தக் கடைசி இடத்தில் யாராவது நின்று கேட்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன். என் வலது காது போய்விட்டது, சாமி. இடது காதில் பாதிதான் மிச்சம், அதிலும் எந்நேரமும் சில்வண்டு கத்துகிறது. அந்தக் காதுமூடியில் வருஷக்கணக்காகத் திருகை ஏற்றி ஏற்றி வைத்துக்கொண்டதன் கூலி இது என்று நாமக்கல் டாக்டர் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு மாறிப் பதில் சொன்னால், "பெரியப்பன் கேலி பண்ணுது" என்று சிரிக்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிடுகிறேன். போன மாசம் நீ வந்திருந்தபோது, பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டதற்கு நீயும் இரண்டு தரம் திரும்பவில்லை. அதை நான் பார்த்தேன். யோசனையாக இருந்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ போய் டாக்டரைப் பார். என்னைத் திட்டிக்கொண்டாவது பார்.

பலாமரத்தடியில் நான் நிற்கிறேன். உன் அம்மா சொன்னபடி என் கை பெட்டியில் படாது. ஊரிலேயே மட்டமான காது என்னுடையது. எனக்கு வார்த்தை புரிந்தால் வாசலில் நிற்கிற அத்தனை பேருக்கும் புரியும். பெட்டியிடம் உன் கூட்டாளியை உட்கார வை, காதில் ஒன்றும் மாட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல். எனக்குக் கேட்கும் வரை கையைத் தூக்கிப் பிடித்திருப்பேன். கேட்டதும் இறக்கிவிடுவேன். நான் கையைத் தூக்கினதும் ஜனங்கள் சிரிக்க ஆரம்பிப்பார்கள். பெண்டாட்டி பாடும்போது மாமன் கூத்துக் காட்டுகிறான் என்பார்கள். உன் கூட்டாளியும் சிரித்துவிட்டு உன் முகத்தைப் பார்ப்பான். உன் அம்மாவும் பார்ப்பாள், இந்த மனுசன் இன்றைக்குமா என்று நினைப்பாள். அந்த நேரத்தில் நீ சிரித்துவிடாதே. அவனைப் பார்த்து, "ஏத்து" என்று ஒரு வார்த்தை சொல். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் நீ நம்பியிருக்க வேண்டாம், கண்ணு. அந்தக் கையை மட்டும் நம்பு.